முதலில் தம்பியின் பெயரைச் சேருங்கள்

வாசகி கேள்வி:

என் அப்பா 1969இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து 1991இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பிறகு ஒரு பொதுத்துறை வங்கியில் காவலராக இருந்தார். அங்கும் ஓய்வூதியம் வந்தது. சென்ற ஆண்டு, எழுபத்தைந்தாவது வயதில், காலமாகிவிட்டார். அம்மாவுக்கு இதுவரை குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. படை ஆவணத்தில் அம்மா பெயர் ராணி, பிறந்த ஆண்டு 1957. ஆதாரில் ராணியம்மாள், 01-01-1961. வங்கியில் கேட்டால், "இரண்டு குடும்ப ஓய்வூதியம் கிடையாது, ஒன்றை வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். அப்பா இறந்த பிறகும் இரண்டு மாதம் கணக்கில் பணம் ஏறியது. காரியச் செலவுக்காக நான் ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டேன். வழக்குப் போடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கணவரைப் பிரிந்து ஆறு வருடமாகப் பிறந்த வீட்டில் இருக்கிறேன். எனக்கு ஏதாவது உரிமை உண்டா? மருத்துவ அட்டை என்ன ஆகும்? எல்லாவற்றையும் முடித்துத் தர ஒருவர் இருபத்தைந்தாயிரம் கேட்கிறார். தம்பிக்கு 41 வயது. பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவன், அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி வரியில் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற படைவீரர்களின் ஓய்வூதிய வழக்குகளையே நடத்தி வரும் வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் வீட்டில் மிக அவசரமான காரியம் அதுதான். மற்றவற்றைத் தாமதமாகச் செய்தாலும் பணம் போகாது. அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்காகும். எப்போது அனுமதி வந்தாலும் நிலுவை சேர்ந்தே வரும். தம்பியின் உரிமையை மட்டும் அம்மா உயிரோடு இருக்கும்போதே ஆவணத்தில் ஏற்றிவிட வேண்டும்.

விதி இதுதான். படைவீரர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் முதலில் மனைவிக்கு. அவருக்குப் பிறகு இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. அப்படி யாரும் இல்லையென்றால், தானாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவு மாற்றுத்திறன் கொண்ட மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் முழுவதும். உங்கள் தம்பிக்கு வயது 41 என்பது தடையே இல்லை. பெற்றோர் இருக்கும்போதே அவர் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்து வைக்க அனுமதி உண்டு. சேர்த்துவிட்டால், அம்மாவின் காலத்துக்குப் பிறகு இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் ஓய்வூதியம் அவருக்கு மாறும். சேர்க்காவிட்டால், அவர் இன்னாருடைய மகன், இன்ன குறை உள்ளவர், அது முன்பிருந்தே இருந்தது என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். அதை யார் செய்வது? தன் பெயரைக் கையெழுத்திடத் தெரியாதவர் பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதிய அலுவலகத்துக்கு மனு எழுத முடியாது. பெற்றோர் இருவரும் போன பிறகு மாமாவோ அத்தையோ கைப்பிடித்துக் கூட்டி வரும் இப்படிப்பட்ட பிள்ளைகள் என் அலுவலகத்துக்கு வருவதுண்டு. உரிமை இருக்கும், காகிதம் இருக்காது.

படையிலிருந்து விடுவித்தபோது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். பெட்டியின் அடியில், பதக்கங்களோடு சேர்த்து ஏதாவது பையில் வைத்திருப்பார். அதில் குடும்ப விவரம் எழுதிய பக்கத்தைப் பாருங்கள். மனைவி பெயர், திருமணத் தேதி, பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். அதைத்தான் பழைய ஜவான்கள் 'பார்ட் டூ ஆர்டர்' என்பார்கள். படைவீரர் வீட்டில் திருமணம், பிறப்பு, இறப்பு எது நடந்தாலும் அவர் தன் யூனிட்டில் சொல்ல, யூனிட் அதை ஆணையாக வெளியிட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பும். தம்பி பிறந்தபோது அப்பா பணியில் இருந்திருக்கிறார். ஆகவே அவர் பெயர் அங்கே இருக்க வேண்டும். இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த நாளில் விடுப்பில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் யூனிட்டில் சொல்ல மறந்ததும் உண்டு. பெயர் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் சேர்த்திருந்தால் அதன் சான்று, குடும்ப அட்டை, வாரிசுச் சான்றிதழ் இவற்றோடு அம்மாவே கையெழுத்திட்டு, மெட்ராஸ் ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு, அதாவது நீலகிரியில் வெலிங்டனுக்கு, விண்ணப்பிக்க வேண்டும். பதிவைத் திருத்துவது அவர்கள் வேலை. அதன்பேரில் ஓய்வூதிய ஆணையைத் திருத்தி வெளியிடுவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்தின் வேலை. அப்பாவின் பழைய ஆணையில் அலகாபாத் என்று முத்திரை இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான்.

மருத்துவச் சான்றில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கிறதே, அது போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சதவீதத்தைத்தான் சொல்லும். குடும்ப ஓய்வூதியத்துக்கு வேண்டிய வாசகம் வேறு: இந்தக் குறையால் இவர் தன் பிழைப்புக்குச் சம்பாதிக்க இயலாதவர், இது நிரந்தரமானது என்று அரசு மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும். நிரந்தரம் என்று எழுதிவிட்டால் மறுபடி மறுபடி சான்று கேட்க மாட்டார்கள். குழுவின் முன் போகும்போது இந்த வாசகத்தைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர்கள் தவறாக நினைத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் அது உதவிதான்.

தம்பியின் பங்கை யார் வாங்கி அவருக்காகச் செலவிடுவது என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழு சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கிறது. வேலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் விண்ணப்பம் தருவார்கள். அம்மாவும் நீங்களும் பேசி முடிவெடுங்கள். பாதுகாவலர் நீங்கள்தான் என்றால் அதை உறவினர்களுக்கும் சொல்லி வையுங்கள். பணம் என்று வந்த பிறகு புதிதாகப் பாசம் முளைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி அம்மாவின் விஷயம்.

படை ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பு வழியாக நேராகக் கணக்குக்கு வருகிறது. அப்பாவின் இறப்பை அங்கே பதிவு செய்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. வங்கிக் கிளையில் சொன்னதோடு நின்றிருந்தால், இந்தத் தாமதத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பொதுச் சேவை மையத்திலோ, ஸ்பர்ஷ் சேவை தரும் வங்கிக் கிளையிலோ, இறப்புச் சான்றிதழ், அப்பாவின் ஓய்வூதிய ஆணை, அம்மாவின் ஆதார், பான் அட்டை, கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு போய் இறப்பைப் பதிந்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: அப்பாவின் செல்பேசி எண்ணை இப்போதைக்கு ரத்து செய்ய வேண்டாம். பதிவில் இருப்பது அந்த எண் என்றால், ஒருமுறைக் கடவுச்சொல் அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.

பெயர் வேறுபாடு பெரிய சிக்கல் இல்லை. ராணியும் ராணியம்மாளும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, திருமணத்துக்கான பார்ட் டூ ஆர்டர் எண்ணோடு வெலிங்டனுக்கு அனுப்பினால் சரிசெய்துவிடலாம். பத்திரம் யார் முன்னிலையில், எந்தப் படிவத்தில் வேண்டும் என்று அவர்களிடமே முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள். இங்கே ஒன்றை எழுதி அனுப்பி, அங்கிருந்து வேறொன்று கேட்டுத் திரும்பி வந்தால் மாதக்கணக்கில் போகும்.

பிறந்த ஆண்டில்தான் நிதானம் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றதும் சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன், "ஆதாரில் உள்ளபடியே மாற்றிவிடலாம் அக்கா" என்பான். மாற்ற விடாதீர்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு எண்பது வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40 என்று ஏறி, நூறு வயதில் இரட்டிப்பாகும். படை ஆவணப்படி அம்மாவுக்கு 2037இல் எண்பது நிறைகிறது. ஆதார்படி 2041இல். குடும்ப ஓய்வூதியத்தின் குறைந்தபட்ச அடிப்படைத் தொகையான 9,000 ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டாலே மாதம் 1,800 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 86,400 ரூபாய். அகவிலை நிவாரணம் இதற்கு மேல். ஆதாரில் ஜனவரி ஒன்று என்று இருப்பதைப் பார்த்தாலே, முகாமில் உத்தேசமாக ஒரு வயதைச் சொல்லிப் பதிந்தது தெரிகிறது. 1957 என்று காட்டும் பழைய ஆவணம் எது இருக்கிறது என்று தேடி, ஆதார் மையத்தில் அதை ஏற்பார்களா என்று கேட்டு, ஆதாரைத் திருத்துங்கள். பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒருமுறைதான் திருத்த விடுவார்கள், ஆகவே ஆவணம் உறுதியாகக் கிடைத்த பிறகு போங்கள்.

தொகையைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்ப்பு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு இயல்பாக இறந்தவரின் மனைவிக்கு, இறந்தவர் உயிரோடிருந்தால் 67 வயது ஆகியிருக்கும் வரையோ ஏழு ஆண்டு வரையோ, எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் உண்டு. அப்பா 75இல் இறந்ததால் அது பொருந்தாது. சாதாரண விகிதமான, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். நூறு சதவீதம் கிடைக்கும் என்று ஊரில் யாராவது சொன்னால், அது போர்க்களத்திலோ அதுபோன்ற நடவடிக்கையிலோ உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு உரியது. 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின்படி 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளின் ஜூலை முதல் தேதியிலிருந்து செய்த திருத்தங்கள் குடும்ப ஓய்வூதியத்துக்கும் சேரும். அம்மாவுக்கு ஆணை வந்ததும், ஹவில்தார் பதவி, 22 ஆண்டுப் பணி என்ற வரிசையில் கடைசித் திருத்தத்தின் அட்டவணைப்படி தொகை வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

வங்கியில் சொன்னது பழைய கதை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படையிலிருந்து ஓய்வு பெற்று அரசுத் துறையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ மறுவேலை பார்த்தவர்களின் குடும்பத்துக்கு, 24-09-2012 முதல் படைத் தரப்புக் குடும்ப ஓய்வூதியமும் மறுவேலைத் தரப்புக் குடும்ப ஓய்வூதியமும் இரண்டும் உண்டு என்று பாதுகாப்பு அமைச்சகம் 2013 ஜனவரியில் ஆணை வெளியிட்டது. ஆகவே எதையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அம்மா கையெழுத்துப் போட்ட ஒரு தாளை அதற்குள் வாங்கி வைத்திருந்தால், உடனே எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். வங்கித் தரப்பிலும் குடும்ப ஓய்வூதியம் 2021க்குப் பிறகு 30 சதவீதமாக, பழைய உச்சவரம்பு இல்லாமல், உயர்ந்திருக்கிறது. கிளையில் வாய்வார்த்தையாக வாதாட வேண்டாம். மேலே சொன்ன தேதியைக் குறிப்பிட்டு மேலாளருக்கு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை வாங்கிய மனுவுக்கு மரியாதை தனி.

ஏ.டி.எம்.மில் எடுத்த பணத்துக்காகத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். இறந்த நாள் வரைக்குமான ஓய்வூதியம் குடும்பத்துக்கு உரியது. அதற்குப் பின் ஏறியது அதிகப்படி, அதைப் பிடித்துக்கொள்வார்கள். இறப்புத் தேதி, அதன்பின் வந்த தொகை, எடுத்த தொகை மூன்றையும் எழுதி, அம்மாவின் நிலுவையில் கழித்துக்கொள்ளும்படி நீங்களே முந்திக்கொண்டு கடிதம் கொடுத்துவிடுங்கள். மறைத்து வைத்து அவர்கள் கண்டுபிடித்தால்தான் சங்கடம். இன்னும் அந்தக் கணக்கில் பணம் ஏதும் இருந்தால் தொட வேண்டாம்.

உங்களைப் பற்றிக் கேட்டீர்கள். மணமாகாத, கைம்பெண்ணான, அல்லது விவாகரத்தான மகளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆனால் வேறு வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும் சேர்ந்த அளவுக்குள் இருக்க வேண்டும். வெறுமனே பிரிந்து வாழ்வது விவாகரத்து ஆகாது, அது எத்தனை ஆண்டானாலும் சரி. பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போது நீதிமன்றத்தில் மனு தாக்கலாகியிருந்தால், தீர்ப்பு பின்னால் வந்தாலும் ஏற்பார்கள். ஓய்வூதியத்துக்காக விவாகரத்து செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லும் ஆலோசகரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஏற்கெனவே மனம் முடிவு செய்திருந்தால், மனுவைத் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். இன்னொன்றும் வெளிப்படையாக: தம்பிக்குத் தகுதி இருக்கும்வரை உங்கள் முறை வராது.

மருத்துவ அட்டையில் நல்ல செய்தி. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. 1996 ஜனவரிக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பங்களிப்புத் தொகை கிடையாது, அவர்களின் மனைவிக்கும் கிடையாது. யாராவது முப்பதாயிரம் கட்டச் சொன்னால் 1991 ஓய்வு என்பதை எடுத்துக் காட்டுங்கள். இந்தத் திட்டத்தின் வேலூர் பாலிகிளினிக்கில் அப்பாவின் அட்டையை ஒப்படைத்து, அம்மாவை முதன்மை உறுப்பினராக மாற்றி, தம்பியை மாற்றுத்திறனாளி மகனாகச் சார்ந்தோர் பட்டியலில் சேருங்கள். சாதாரணமாக மகனுக்கு 25 வயதோடு நின்றுவிடும். அவருக்கு அந்த வரம்பு இல்லை. மாதாமாதம் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், ஓய்வூதியத்துக்கு முன்னால் இந்த வேலையை முடிப்பதுகூடத் தகும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு, நம் ஊரில் இன்னும் சைனிக் போர்டு என்றே சொல்லும் அந்த அலுவலகத்துக்கு, ஒரு நடை போய் வாருங்கள். அம்மாவுக்குக் கைம்பெண் அடையாள அட்டை அங்கேதான். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டம் உங்களுடையது. உங்களைப் போன்ற குடும்பங்களை அந்த அலுவலகம் நிறையப் பார்த்திருக்கும். ஆனால் அங்கே கிடைப்பது எது, கிடைக்காதது எது என்று தெரிந்துகொண்டு போங்கள். கேந்திரிய சைனிக் போர்டின் வறுமை நிவாரணம் 2025 நவம்பர் முதல் மாதம் 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது ஓய்வூதியமே இல்லாத, 65 வயது கடந்தவர்களுக்கு. கல்வி உதவி, பிரதமர் கல்வி உதவித்தொகை இரண்டும் படைவீரரின் பிள்ளைகளுக்கு. உங்களுக்குக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் பேரப்பிள்ளைகள், அவர்களுக்குப் பொருந்தாது. நூறு சதவீதக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குத் தனியாக மாதாந்திர உதவி உண்டு. தம்பியின் சான்றில் சதவீதம் என்ன என்பதைப் பார்த்து அதை மட்டும் கேளுங்கள். இவை எல்லாம் நிதி உதவி. கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விதிகளைப் பொறுத்தது. ஓய்வூதியம் அப்படியல்ல, அப்பா 22 ஆண்டு உழைத்துச் சம்பாதித்து வைத்தது. அதனால் வெலிங்டனுக்கும் பிரயாக்ராஜுக்கும் எழுதும் மனுவில் "ஏழை விதவை, கருணை கூர்ந்து" என்ற வரிகள் வேண்டாம். படை எண், பதவி, ஓய்வூதிய ஆணை எண், இறந்த தேதி, என்ன கேட்கிறீர்கள் என்பது, இணைப்புகள். ஒரு பக்கம் போதும்.

இதில் எந்த இடத்திலும் கட்டணம் இல்லை. பத்திரத்தாள், நகல், தபால் செலவு, சேவை மையத்துக்குக் கொடுக்கும் சிறு தொகை, அவ்வளவே. இருபத்தைந்தாயிரம் கேட்பவரிடம் அசல் ஆவணம் எதையும் கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்குங்கள், குறிப்பாக டிஸ்சார்ஜ் புத்தகத்தை. வக்கீல் வேண்டும் என்றால், 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு படைவீரர் குடும்பங்களுக்கென்று தொடங்கிய திட்டத்தில், சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே இலவச சட்ட உதவி மையம் அமைக்கிறார்கள். வேலூரில் கேட்டுப் பாருங்கள். மனுக்களுக்குப் பதிலே வராமல் போனாலோ மறுத்தாலோ சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. உங்கள் விஷயம் அதுவரை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெலிங்டனிலிருந்து பதில் வந்ததும் கடித எண், தேதியோடு எனக்கு எழுதுங்கள். தம்பியின் பார்ட் டூ ஆர்டர் எண் கிடைத்ததா இல்லையா என்பதை அதில் முதலில் சொல்லுங்கள். அடுத்த விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பது அதைப் பொறுத்துத்தான்.